வெயிலுக்கு ஒழுகும் கூரைகள்

கத்திரி வெயில் நாளொன்றில் வேலூரிலோ திருச்சியிலோ ஏதாவது ஒரு குடியிருப்பின் கடைசி மாடிக்கு இரவு பத்து மணிக்குப் போய்ப் பார்க்கலாம். கீழே தெருவில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், ‘இன்னிக்குக் கொஞ்சம் தணிஞ்சிருக்கு’ என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மேலே வீட்டுக்குள் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும், இறங்குவதெல்லாம் அனல். தரையில் தண்ணீர் தெளித்துப் பாயை விரித்து, ஈரத் துண்டோடு பிள்ளைகள் புரண்டுகொண்டிருப்பார்கள். நாற்காலியில் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கிப் பாதி ஆறிய பாத்திரத்தைத் தொட்டதுபோல இருக்கும். சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

‘தளம் கக்குது’ என்பார்கள். பகலில் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவில் கக்குகிறது. நடப்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொறியாளரும் சொல்லிவிட முடியாது.

மழைக்கு ஒழுகும் கூரையைத் தமிழ்நாட்டில் யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. சமையலறையில் ஒரு சொட்டு விழுந்தால் மறுநாளே மேஸ்திரிக்கு போன் போகும். அதே கூரை மார்ச்சில் தொடங்கி நான்கைந்து மாதங்களுக்கு வெயிலுக்கு ஒழுகுகிறது. அதற்கு மட்டும் யாரும் மேஸ்திரியைக் கூப்பிடுவதில்லை. முடிந்தவர்கள் ஏசி கடைக்குப் போகிறார்கள். முடியாதவர்கள் மாடிப்படியில் பாய் விரிக்கிறார்கள். கூரைக்கு வெப்பத் தடுப்பு என்றால், வீடு கட்டி முடித்துக் கையில் காசு மிஞ்சினால் செய்துகொள்ளும் வேலை என்றே இன்றுவரை நினைக்கப்படுகிறது. அஸ்திவாரம், லிண்டல், தளம் என்ற வரிசையில் அதுவும் ஒரு கட்டமாக மதிப்பீட்டிலேயே ஏற வேண்டும். அதைப் பெரிய கட்டடங்களில் தொடங்காமல், மிகச் சிறிய வீடுகளில் தொடங்க வேண்டும்.

சன்ஷேடு இல்லாத கூரை

சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். அறிவியல் இயக்கத்தினர் பள்ளி மைதானங்களில் குச்சியை நட்டுவைத்து ‘நிழலில்லா நாள்’ என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது இதைத்தான். கன்னியாகுமரியில் முதல் நிழலில்லா நாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும் இந்த வாரங்களில் நண்பகல் கதிர் சுவரை உரசிக்கொண்டு கீழே இறங்குகிறது. கூரையில் நெட்டுக்குத்தாக விழுகிறது. தெளிவான வானத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். கிழக்குச் சுவருக்குக் காலை வெயில், மேற்குச் சுவருக்கு மாலை வெயில் என்று பங்கு உண்டு. கூரைக்கு நாள் முழுவதும் வெயில்தான். ஜன்னலுக்கு மேல் இரண்டடிக்கு சன்ஷேடு இழுக்க மறக்காத ஊரில், வீட்டிலேயே அதிக வெயில் வாங்கும் பரப்பு திறந்தபடி கிடக்கிறது.

வெற்றுத் தளத்தின் மேற்பரப்பு கோடை மதியத்தில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூடு ஐந்து அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து கீழே வர மூன்று, நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வெயில் உச்சத்தில் இருக்கும்போது ஓரளவு தாங்கக்கூடியதாக இருக்கும் அறை, மாலை ஐந்து மணிக்கு மேல் அடுப்பாக மாறுகிறது. உடலின் மேல்தோல் 34, 35 டிகிரியில் இருக்கும். கூரையின் அடிப்பக்கம் 40-ஐத் தாண்டினால் அது மனிதர்மீது நேரடியாக வெப்பத்தைப் பாய்ச்சும். மின்விசிறியால் காற்றை நகர்த்த முடியும். இந்தக் கதிரை நகர்த்த முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குக் கூரைப் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், வெற்றுத் தளத்தின் ஒரு சதுர மீட்டர் வழியாக ஏறத்தாழ 3.5 வாட் வெப்பம் இறங்கும். உச்ச நேரத்தில் வேறுபாடு 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அறைக்குள் இறங்குவது 960 வாட். கூரையில் ஒரு இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டதற்குச் சமம். ஒரு டன் ஏசி முழு மூச்சாக ஓடினால் வெளியேற்றும் வெப்பம் 3,500 வாட். அதில் கால் பங்குக்கும் மேல் இந்த இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடுகிறது. மின்கட்டண ரசீதில் இதற்குத் தனி வரி கிடையாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

சுர்க்கி அடித்த காலம்

சென்னையின் பழைய வீடுகளுக்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்றே பெயர் பெற்ற ஒரு கூரை இருந்தது. தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. பிற்பாடு மர உத்தரம் போய்க் கம்பி கட்டிய கான்கிரீட் வந்தபோதும் மேலடுக்கு அப்படியே தொடர்ந்தது. 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றுச் சுண்ணாம்பு என்ற விகிதம் பொதுப்பணித் துறையின் பழைய பொறியாளர்களுக்கு மனப்பாடம்.

அந்த வேலையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாடியில் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு மரக்கட்டையால் தாளம் தப்பாமல் சுர்க்கியை அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். அடித்த கட்டை எகிறித் திரும்பினால்தான் கெட்டிப்பட்டது என்று கணக்கு. பெரிய மாடி என்றால் நாள் கணக்கில் இந்தச் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். தண்ணீர் வடிய வாட்டம் கொடுப்பதற்குத்தான் அந்த அடுக்கு. ஆனால், செங்கல் ஜல்லியின் நுண்துளைகளில் தங்கிய காற்று வெயிலுக்கும் தடையாக நின்றது.

காற்றைச் சிறைவைப்பதுதான் வெப்பத் தடுப்பின் சூட்சுமம். தென்னங்கீற்றும் பனையோலையும் வேய்ந்த கூரை குளுகுளுவென்று இருப்பதற்கு, அடுக்கடுக்கான ஓலைகளுக்கு நடுவே நிற்கும் காற்றே காரணம். அதற்காகக் கீற்றுக் கூரைக்குத் திரும்பச் சொல்ல முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீ 94 பள்ளிக் குழந்தைகளைப் பலிவாங்கியது. குடிசைக்காரர்களுக்கு மழைக்காலத்தில் ஒழுகலும் கோடையில் தீயும் ஓயாத பயம். கான்கிரீட் வீடு அவர்களுக்கு மானமும் பாதுகாப்பும் ஆனது நியாயமே. மழை, தீ, புயல் என்று மூன்றுக்கும் பதில் சொன்ன அந்தத் தளத்திடம் வெயிலைப் பற்றி மட்டும் யாரும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையே சுண்ணாம்புக் காளவாய்கள் அருகின. சுர்க்கி அடிக்கத் தெரிந்த கைகளும் குறைந்தன. இன்னொரு காரணம் ஊரெங்கும் கண்ணெதிரே நிற்கிறது. சிற்றூர்களின் மொட்டை மாடிகளைப் பார்த்தால் மூலைக்கு மூலை துருப்பிடித்த கம்பிகள் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ‘பையன் சம்பாதிச்சதும் மேல ஒரு மாடி எடுக்கணும்’ என்ற கனவின் கம்பிகள் அவை. நாளைக்கு உடைக்கப்போகும் தளத்தில் எதற்குச் சுர்க்கியும் தட்டோடும் என்று வெற்றுத் தளமாகவே விட்டுவிடுகிறார்கள். மாடி வர இருபது ஆண்டுகள் ஆகலாம், வராமலேயும் போகலாம். அதுவரை கீழே இருப்பவர்கள் அந்த வெயிலில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

தளம் போட்டு முடித்த மேஸ்திரியிடம் வீட்டுக்காரர் கேட்பது ஒரே கேள்வி: ‘ஒழுகாதே, மேஸ்திரி?’ ‘ஒரு சொட்டு இறங்காது சார், நான் பொறுப்பு’ என்பார் அவர். உண்மையில் அந்தப் பொறுப்பிலும் வெயிலுக்குப் பங்குண்டு. பத்து மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறி இறங்கினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். இது அன்றாடம் நடப்பது. கைப்பிடிச் சுவர் சேரும் இடத்தில் முதலில் முடியளவு விரிசல் விழும். ஐப்பசி மழை அதில் இறங்கும். கம்பி துருப்பிடித்து உப்பும். சில வருடங்களில் சிமென்ட் பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழும். மழை ஒழுகல் என்று மேஸ்திரியைக் கூப்பிடும் பல வீடுகளில் முதலில் ஒழுகியது வெயில்தான்.

சுண்ணாம்பு முதல் தெர்மோகோல் வரை

மிக எளிய வைத்தியம் வெள்ளையடிப்பது. பழைய வெற்றுக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினாலே அதிகம். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு முக்கால் பங்கு வரை திருப்பும். சுண்ணாம்போடு வெள்ளை சிமென்ட்டும் பசையும் கலந்து அடிப்பவர்கள் உண்டு. கடையில் கிடைக்கும் வெயில் தடுப்புப் பெயின்ட்டை வாங்குபவர்கள் உண்டு. அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைவதாக இதைச் செய்து பார்த்த பல நகரங்களின் அனுபவம் சொல்கிறது. குறைகளும் இருக்கின்றன. தூசியும் பாசியும் படிந்தால் பலன் இறங்கும். வருடா வருடம் கோடைக்கு முன்பு கழுவ வேண்டும், சுண்ணாம்பு என்றால் மறுபடி அடிக்க வேண்டும். பக்கத்து மாடிக்காரருக்குக் கண் கூசும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பவர்கள் உடைந்த வெள்ளை ஓடுகளை மொசைக்காகப் பதிக்கிறார்கள். அது பல ஆண்டுகள் தாங்கும், கழுவவும் எளிது.

அடுத்தது தடுப்பு அடுக்கு. கான்கிரீட்டைவிட தெர்மோகோல் சுமார் நாற்பது மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும். ஓர் அங்குலத் தெர்மோகோல் செய்யும் வேலையைக் கான்கிரீட்டைக் கொண்டு செய்ய வேண்டுமென்றால் மூன்றடிக்கு மேல் கனமான தளம் போட வேண்டும். ஆனால், டிவி பெட்டிக்குள் வரும் தெர்மோகோல் இதற்கு ஆகாது, மிதித்தால் நொறுங்கும். அடர்த்தி அதிகமான, தண்ணீரை உறிஞ்சாத அட்டை வேண்டும். அதன் மேல் கலவைப் பூச்சும் ஓடும் வர வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருளைத் திறந்துவைக்கக் கூடாது. மாடியில் வடாம் காயும், துணி காயும், தண்ணீர் டேங்க் நிற்கும், கல்யாணத்துக்குப் பந்தல் போடுவார்கள். இதையெல்லாம் தாங்கும் முறையொன்றை இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் விவரித்தார்கள். தளத்தின் மேல் 25 மில்லிமீட்டர் பாலிஸ்டைரின் அட்டை, நடுநடுவே கான்கிரீட் பட்டைகள், மேலே கம்பி வைத்த மெல்லிய கான்கிரீட். சுமை பட்டைகள் வழியாகத் தளத்துக்குப் போய்விடும், அட்டை நசுங்காது.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு லாரி பேக்கர் காட்டிய வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் 2007-ல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலையில்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்டார். கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளைப் புதைத்துத் தளம் போட்டார். சிமென்ட் மிச்சம், ஓடுகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்துக்கும் கொஞ்சம் தடை.

கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடிப்பது இப்போது பெருகிவருகிறது. ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால், தளம் வெயிலில் காய்வது அப்படியே தொடரும், விரிசலும் தொடரும். குடையைத் தலைக்கு மேலே பிடிப்பதா, சட்டைக்குள் பிடிப்பதா என்பது போன்றது இது. இன்னொரு நுணுக்கம்: தடுப்பு அடுக்கு வெப்பத்தை உள்ளே வரவிடாதது போலவே, உள்ளே வந்ததை இரவில் எளிதில் வெளியேறவும் விடாது. ஏசி இல்லாத வீட்டில் முதல் செலவு வெள்ளைப் பூச்சுக்கும் எதிரெதிர் ஜன்னலுக்கும். அடுத்த செலவு தடுப்பு அடுக்குக்கு. ஏசி ஓடும் வீட்டில் தடுப்பு அடுக்கு இல்லாமல் இருப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதுதான்.

ஷீட் வீடுகளின் கதை வேறு. தகரம் சில நிமிடங்களில் பழுத்துவிடும். மாலையில் சீக்கிரம் ஆறியும் விடும். அங்கே பகல்தான் நரகம், அதிலும் வீட்டிலிருந்தே பூக்கட்டும், அப்பளம் இடும், தைக்கும் பெண்களுக்கு. வெள்ளைப் பெயின்ட், ஷீட்டுக்கு அடியில் அலுமினியத் தாள், சுரைக்கொடியையோ அவரைக்கொடியையோ கூரையில் ஏற்றிவிடுவது ஆகிய எல்லாமே கைகொடுக்கும். பழைய கல்நார் ஷீட்டாக இருந்தால் மட்டும் தேய்த்துக் கழுவக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

யாருடைய கூரை?

வழி தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கூரை ஒருவருடையதாகவும் வெக்கை இன்னொருவருடையதாகவும் இருப்பது. வாடகை வீடுகளில் வழக்கம் தெரிந்ததே: வீட்டுக்காரர் தரைத்தளத்தில், வாடகைக்காரர் மேலே. மேல்தளத்துக் கரண்ட் பில்லும் தூக்கக்கேடும் வாடகைக்காரர் கணக்கு; மாடியில் பெயின்ட் அடித்தால் செலவு வீட்டுக்காரர் கணக்கு. அடுக்குமாடிகளில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சூடு கடைசி மாடிக்காரருக்கு மட்டும். சங்கக் கூட்டத்தில் முதல் தளத்துக்காரர் எதற்குக் கைதூக்குவார்?

சந்தை தானாகத் தீர்க்காத இடத்தில்தான் அரசு வர வேண்டும். அகமதாபாதில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தன. அதன் பிறகு 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2017-ல் ஏழைகள் வாழும் பகுதிகளில் சுமார் 3,000 கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரைகள், அதில் 200 ஹைதராபாதில் என்பது இலக்கு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-ல் கொண்டுவந்த ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற வீட்டுக் கட்டட விதி, கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 1.2 வாட் என்று வரம்பு கட்டுகிறது. வெற்றுத் தளத்தின் 3.5-ஐ அதற்குள் கொண்டுவர ஓர் அங்குலத் தடுப்பு அட்டை போதும். முன்பு பார்த்த அறைக்குள் 960 வாட்டுக்குப் பதில் 330 வாட்தான் இறங்கும்.

ஆனால், இந்த விதிகளின் அளவுகோலைப் பார்க்க வேண்டும். மத்திய விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. தெலங்கானாவில் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கட்டாயம், சிறியவற்றுக்கு விருப்பம். ஏசி போட வசதியுள்ளவர் வீட்டுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. ஒண்டுக்குடித்தனக்காரரின் கூரை சட்டத்தின் கண்ணுக்கே தெரியவில்லை.

தமிழ்நாடு இதை மாற்றிப் போடலாம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்தது இந்த மாநிலம். வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. அதே ஆண்டு தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற இலக்கு வைத்திருக்கிறது. வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. எட்டு லட்சம் தளங்கள்! இந்தத் தளங்கள் ஐம்பது கோடைகளைப் பார்க்கப்போகின்றன. அவற்றின் மேலடுக்கை விட்டுவிட்டால், கீற்றின் குளுமையிலிருந்து வந்தவர்களைக் கான்கிரீட் வெக்கையில் குடியேற்றிவிட்டு, வெப்பப் பேரிடருக்குத் தனியாக நிவாரண நிதி ஒதுக்கியதாக ஆகிவிடும். வெள்ளை ஓடோ தடுப்பு அட்டையோ இல்லாத தளம் முடிந்த தளமல்ல என்று திட்டத்தின் மதிப்பீடு சொல்ல வேண்டும். சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் கடைசி மாடிகளுக்கு, அவற்றைக் கட்டிய அரசு வாரியமே கோடைதோறும் வெள்ளையடிக்க வேண்டும்.

‘விதி போட்டால் யார் கேட்பார்கள்?’ என்ற கேள்விக்கு இதே மொட்டை மாடி பதில் வைத்திருக்கிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோதும் இப்படித்தான் கேட்டார்கள். சில மாதங்களில் மாநிலம் முழுக்க மாடியிலிருந்து குழாய் இறங்கியது. பல வீடுகளில் அது பெயருக்கு இறங்கியது என்பதும் உண்மை. குழாயின் முடிவில் குழியே இல்லாத வீடுகள் இன்றும் இருக்கின்றன. இருந்தும், வீட்டு வரைபடத்தில் மழைக்கு ஓர் இடம் உண்டு என்பது இன்று எல்லா மேஸ்திரிகளுக்கும் தெரியும். வெயிலுக்கும் அப்படியோர் இடம் வர வேண்டும். கட்டட அனுமதியில் கூரையின் மேலடுக்கைக் குறிப்பிடும் ஒரு வரி. அதைச் செய்பவர்களுக்குச் சொத்துவரியில் சிறு தள்ளுபடி. கொத்தனார்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. 2024-ல் வந்த மத்திய அரசின் சூரிய கர் திட்டத்தில் மாடியில் சூரியத் தகடு பொருத்துபவர்களுக்கு, கால் வைத்து உயர்த்திய தகடுகள் கரண்ட்டோடு நிழலும் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அரசு வீட்டுத் திட்டங்களில் பணம் தவணைதவணையாகத்தான் வரும். அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு படம், லிண்டல் வந்ததும் ஒரு படம், தளம் போட்டதும் ஒரு படம். கடைசித் தவணைக்கு, வர்ணம் அடித்த வீட்டின் முன்னால் குடும்பமே வரிசையாக நிற்கும். பார்வையிட வந்த அலுவலர் செல்போனில் படம் எடுத்துப் பதிவேற்றுவார். இத்தனை படங்களும் தரையில் நின்று எடுக்கப்படுபவை. இன்னும் பத்துப் படி ஏறி, மாடியில் நின்று அவர் இன்னொரு படம் எடுக்கட்டும். அதில் சாம்பல் நிறத் தளம் தெரிந்தால் வீடு இன்னும் முடியவில்லை என்று எழுதட்டும்.